ஆட்டை மீட்டுத் தர துப்புக்கூலி கேக்குறாங்க, ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போட மாட்டேங்கறாங்க: ஒரு வாசகிக்கு வக்கீல் பதில்

கேள்வி:

வணக்கம் சார். நாங்க திருமங்கலத்துக்கு தெக்க ஒரு கரிசக்காட்டு ஊரு, பேரு ஊரு போட வேணாம். வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காரு. வீட்டுல நான், மாமனார், மாமியார், கொழுந்தன், எட்டாவது படிக்கிற என் மக. இலவச ஆடு திட்டத்துல மாமியாருக்கு வந்த நாலு ஆட்டுல இருந்து பெருகி வந்ததுதான் எங்க ஆடுக. போன மாசம் ஒருநாள் ராத்திரி தொழுவத்து பூட்டை நெம்பி 11 உருப்படிய ஓட்டிட்டு போயிட்டாங்க, அதுல மூணு சினை. லட்சத்துக்கு மேல போச்சு. ஸ்டேஷன்ல ரெண்டு நாள் அலைய விட்டு ஒரு சிஎஸ்ஆர் ரசீது குடுத்தாங்க, எஃப்ஐஆர் கேட்டா "மொத விசாரிக்கிறோம், அது எங்க லிமிட்டானே தெரியல"ன்னு சொல்றாங்க. நாலாம் நாள் பக்கத்து ஊருக்காரர் ஒருத்தர் டீக்கடையில மாமனார்கிட்ட வந்து, 30 ஆயிரம் குடுத்தா ஆடு வந்துரும்னு சொல்லியிருக்காரு. சொந்தக்காரங்க எல்லாம் குடுத்துட்டு முடிங்கன்னு சொல்றாங்க. இதுக்கு நடுவுல எங்க ஊரு பசங்க கண்மாய்க்கரையில வாத்து மேய்க்க டென்ட் போட்டிருந்த குடும்பத்துல ஒரு பையனை பிடிச்சு மரத்துல கட்டி அடிச்சிட்டாங்க, என் கொழுந்தனும் அதுல இருந்தாரு, வீடியோ வேற குரூப்ல சுத்துது. அந்தக் குடும்பமே மறுநாள் காலி பண்ணிட்டு போயிட்டாங்க. மாமனார் இப்ப ராத்திரி பூரா அருவாளும் டார்ச்சுமா உக்காந்திருக்காரு. மகளை விடியக்காலம் டியூஷனுக்கு அனுப்ப வேணாங்கறாரு. நான் என்ன பண்றது?

பதில்:

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேம்மா, நீங்க ஒரு பிரச்சனைன்னு எழுதியிருக்கீங்க ஆனா உள்ள மூணு கேஸ் இருக்கு. ஆடு திருட்டு ஒண்ணு. துப்புக்கூலி கேட்டது இன்னொண்ணு. வாத்துக்காரப் பையனை அடிச்சது மூணாவது. மொத ரெண்டுல நீங்க பாதிக்கப்பட்டவங்க, மூணாவதுல உங்க வீட்டு ஆளு குற்றம் பண்ணின பக்கம் நிக்கிறாரு. இதை கலக்காம தனித்தனியா பாத்தாதான் உங்களுக்கு நல்லது, ஏன்னா ஸ்டேஷன்ல இதை சேத்து வச்சு ஒரு பேரம் பேசுவாங்க, "நீங்க எஃப்ஐஆர் கேட்டா நாங்க அந்த வீடியோவ எடுக்க வேண்டியிருக்கும்"னு. இதுவரைக்கும் சொல்லலைன்னா இனிமே சொல்லுவாங்க.

சிஎஸ்ஆர்ங்கறது உங்க மனுவை வாங்கினோம்னு குடுக்கற ரசீது, அவ்வளவுதான். அதை வச்சு யாரையும் கைது பண்ண முடியாது, எதையும் முறையா பறிமுதல் பண்ண முடியாது, கோர்ட்டுக்கு அது போகவே போகாது. எஃப்ஐஆர் போட்டாதான் மாஜிஸ்ட்ரேட்டுக்கு காப்பி போகும், விசாரணை அதிகாரின்னு ஒருத்தர் பேரு அதுல ஏறும், அதுக்கப்புறம் அவரு பதில் சொல்லியாகணும். ஆட்டுத் திருட்டுல முக்கால்வாசி சிஎஸ்ஆரோட நின்னுபோறதுக்கு காரணம் ரொம்ப சிம்பிள், எஃப்ஐஆர் போட்டா அந்த ஸ்டேஷன் கணக்குல கண்டுபிடிக்காத கேஸ் ஒண்ணு கூடும், ஆடு வேற நாலே நாள்ல கறியாயிடும், கண்டுபிடிக்கிறது கஷ்டம்னு அவங்களுக்கே தெரியும். கணக்குல ஏறாத திருட்டுக்கு ரோந்து வண்டி வராது. உங்க ஏரியாவுல வருஷத்துக்கு இத்தனை ஆடு போகுதுன்னு ஊருக்கே தெரியும், ஆனா மாவட்ட ஆபீஸ்ல இருக்கற பேப்பர்ல உங்க ஊரு அமைதியான ஊருன்னுதான் இருக்கும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 2013 நவம்பர்ல லலிதா குமாரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு நீதிபதி பெஞ்ச் தெளிவா சொல்லிருச்சு, போலீஸ் நேரடியா கைது பண்ணக்கூடிய குற்றம்னு தகவல் வந்தா எஃப்ஐஆர் போட்டே ஆகணும், போடலாமா வேணாமான்னு யோசிக்கிற உரிமை அவங்களுக்கு கிடையாது. 2024 ஜூலை 1ல இருந்து பழைய ஐபிசி, சிஆர்பிசி போயி பிஎன்எஸ் (எது குற்றம், என்ன தண்டனைங்கறது), பிஎன்எஸ்எஸ் (போலீஸ், கோர்ட்டு நடைமுறை)னு புது சட்டம் வந்திருக்கு. பிஎன்எஸ்எஸ்ல 173ஆவது பிரிவு, எந்த லிமிட்டா இருந்தாலும் தகவலை வாங்கிப் பதியணும்னு எழுத்துலயே வச்சிருக்கு. ஜீரோ எஃப்ஐஆர்னு டிவியில சொல்றாங்கல்ல, அதுதான். நம்பர் போட்டு, சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அவங்கதான் அனுப்பணும். ரெண்டு மாவட்ட எல்லையில இருக்கற ஊருக்காரங்களுக்கு இது பெரிய விஷயம், ஏன்னா "எங்க லிமிட் இல்ல"ங்கறதை வச்சே காலங்காலமா விரட்டிட்டு இருந்தாங்க. எஃப்ஐஆர் காப்பி உங்களுக்கு இலவசமா குடுக்கணும்கிறதும் அதே பிரிவுலதான் இருக்கு.

"மொத விசாரிக்கிறோம்"ங்கறதுக்கும் ஒரு பிரிவைக் காட்டுவாங்க. 173(3)னு ஒண்ணு புதுசா வந்திருக்கு, மூணு வருஷத்துக்கு குறையாம, ஏழு வருஷத்துக்கு கம்மியா தண்டனை இருக்கற குற்றத்துக்கு டிஎஸ்பி அனுமதி வாங்கி 14 நாளுக்குள்ள முதற்கட்ட விசாரணை பண்ணலாம்னு. சாதா திருட்டு, பிஎன்எஸ் 303(2), மூணு வருஷம் வரைக்கும், அதனால அதுக்குள்ள மாட்டும். ஆனா உங்க கேஸு சாதா திருட்டு இல்லம்மா. ஆடு மேய்ச்சல் காட்டுல போகல, கிடையில போகல. சொத்தை வைக்கறதுக்குன்னு இருக்கற கட்டடத்துல, பூட்டை நெம்பி, ராத்திரில எடுத்திருக்காங்க. தொழுவத்துக்கு சுவரும் கூரையும் இருந்து பூட்டியிருந்துச்சுன்னா அது 305, ஏழு வருஷம் வரைக்கும். ராத்திரி பூட்டை உடைச்சு உள்ள புகுந்தது 331, அதுக்கு இன்னும் ஜாஸ்தி. இந்த ரெண்டும் வந்துட்டா அந்த 14 நாள் கதையே பேச முடியாது. அதனால மனுவுல "ஆட்டைக் காணோம்"னு எழுதாதீங்க, காணோம்னு எழுதினா அவங்க "காணாமல் போனது"ன்னு பதிஞ்சு வச்சிருவாங்க.

எப்படி எழுதணும்னா ஏறக்குறைய இப்படி: "ஐயா, நான் மேற்படி ஊரில் குடியிருந்து வருகிறேன். இன்ன தேதி இரவு 10 மணிக்கு எங்கள் வீட்டுக்குத் தெற்கே உள்ள ஓட்டுத் தொழுவத்தில் 17 ஆடுகளை அடைத்து இரும்புப் பூட்டால் பூட்டினேன். மறுநாள் காலை 4.30 மணிக்குப் பார்த்தபோது நாதாங்கி பெயர்ந்து பூட்டு தொங்கியது. உள்ளே 6 ஆடுகள் மட்டும் இருந்தன. திருடு போன 11 ஆடுகளின் விவரம் கீழே." எத்தனை அடைச்சீங்க எத்தனை மிஞ்சுச்சுங்கறதை உங்க கணக்குப்படி மாத்திக்கோங்க. கீழ ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு வரி. கன்னி ஆடா கொடி ஆடா, பால்கன்னின்னா மூஞ்சில வெள்ளைக்கோடு எந்தப் பக்கம் வரைக்கும் இறங்குது, காது வெட்டு வலதா இடதா, ஒத்தைக் கொம்பு ஒடிஞ்சதா, கழுத்துல தாடிச்சதை இருக்கா, சினைன்னா எத்தனை மாசம், மாட்டாஸ்பத்திரில போட்ட காதுத்தோடு இருந்தா அதுல 12 இலக்க நம்பர். ஆடு மேய்க்கிறவங்களுக்கு இது ஒவ்வொண்ணும் மனப்பாடமா தெரியும், உங்க மாமியாரை உக்கார வச்சு கேளுங்க, பேரோட சொல்லுவாங்க. நீங்க மனுவுல "கருப்பு வெள்ளாடு 11"னு எழுதிக் குடுத்திருந்தா நாளைக்கு சந்தையில ஆடு சிக்கினாலும் விக்கிறவன் இது என் ஆடுதான்னுவான், கோர்ட்டுல உங்களால மறுக்க முடியாது. மக போன்ல விளையாட்டுக்கு எடுத்த போட்டோவுல ஆடு எங்கயாவது நிக்குதான்னு பாருங்க, அது பெரிய சாட்சி.

விலையை கண்டிப்பா போடுங்க, சந்தை விலை. இதுல ஒரு கொக்கி இருக்கு. புது சட்டத்துல 5000 ரூபாய்க்கு கீழ திருட்டுன்னா, முதல் தடவை மாட்டறவன் பொருளை திருப்பிக் குடுத்தா சமூக சேவைதான் தண்டனை, அது வாரன்ட் இல்லாம கைது பண்ண முடியாத குற்றம்னு அட்டவணையில போட்டிருக்காங்க. ஸ்டேஷன்ல எழுதற ரைட்டர் உங்க மனுவை சுருக்கி எழுதும்போது "ஆடு ரெண்டு, மதிப்பு நாலாயிரம்"னு எழுதிட்டாருன்னா கேஸ் அங்கயே படுத்துரும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்ட சொல்லுங்க, வாசிச்சுக் காட்டணும்கிறதும் சட்டம்தான்.

இவ்வளவுக்கும் மசியலைன்னா சண்டை போடாதீங்க, வெளிய வந்துருங்க. அதே மனுவை எஸ்பிக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, ரசீது வாங்கிக்கோங்க. இது 173(4). பல மாவட்டத்துல புதன்கிழமை எஸ்பி ஆபீஸ்ல நேர்ல மனு வாங்கறாங்க, போக முடிஞ்சா போங்க, போகும்போது மாமியாரையும் கூட்டிட்டு போங்க, ஆட்டை வளத்தவங்க நேர்ல பேசறது வேற. அதுலயும் வேலை நடக்கலைன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல 175(3)ல மனு போடலாம், அதுக்கு எஸ்பிக்கு அனுப்பின தபால் ரசீதும் ஒரு அபிடவிட்டும் வேணும், அதனாலதான் தபால் ரசீதை பத்திரமா வைங்கன்னு சொல்றேன். வக்கீல் பீஸ் பத்தி கவலைப்பட வேணாம், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு. 15100க்கு போன் பண்ணுங்க, இல்ல தாலுகா கோர்ட்டு வளாகத்துலயே சட்டப்பணிகள் குழு ஆபீஸ் இருக்கும். எஃப்ஐஆர் போட்டப்புறம் 90 நாளுக்குள்ள விசாரணை எந்த நிலைமையில இருக்குன்னு போலீஸ் உங்களுக்கு சொல்லியாகணும், பிஎன்எஸ்எஸ் 193ஆவது பிரிவு. சொல்ல மாட்டாங்க, நீங்க கேளுங்க, எழுத்துல கேளுங்க.

இப்ப துப்புக்கூலி.

நம்ம பக்கம் இது புதுசு இல்ல. மாடு களவு போகும், யாரோ ஒருத்தர் வந்து இன்ன தொகை வச்சா இன்ன இடத்துல மாடு நிக்கும்னு சொல்லுவாரு, வச்சா நிக்கும். வெள்ளைக்காரன் காலத்துக்கும் முன்னாடி இருந்தே காவல் முறையோட சேந்து வந்த பழக்கம் இது, காவல்கூலி குடுத்தா திருட்டு போகாது, போனா காவல்காரன் பொறுப்பு, கூலி குடுக்கலைன்னா துப்புக்கூலி குடுத்து மீட்டுக்கோ. 1890கள்ல திண்டுக்கல், மதுரை பக்கம் விவசாயிங்க இதை எதிர்த்து பெரிய கலவரமே பண்ணியிருக்காங்க. இப்ப காவலும் இல்ல, ஊர்ப்பொறுப்பும் இல்ல, கூலி மட்டும் மிச்சம் இருக்கு. பழைய காலத்துல வாங்கினவனுக்கு மாட்டை திருப்பிக் கொண்டாந்து விடற கடமையாவது இருந்துச்சு, இப்ப உங்ககிட்ட 30 ஆயிரம் வாங்கிட்டு ஒரு ஒடிசல் கிடாவை மட்டும் ரோட்டோரம் அவுத்து விட்டுட்டு போனா நீங்க யார்கிட்ட போயி கேப்பீங்க?

சட்டப்படி, திருட்டு சொத்தை மீட்டுத் தரேன்னு காசு கேக்கறதே ஒரு தனிக்குற்றம். பிஎன்எஸ் 252, பழைய ஐபிசில 215. திருடனை பிடிக்க தன்னால முடிஞ்சதெல்லாம் செய்யாம, காசு வாங்கினாலோ வாங்க ஒத்துக்கிட்டாலோ ரெண்டு வருஷம் வரைக்கும். அதுல தண்டனை வாங்கறவனுக்குத்தான், குடுக்கற உங்களுக்கு இல்ல, அதனால அவங்க "நீயும் உள்ள போவே"ன்னு மிரட்டினா பயப்படாதீங்க. ஆனா குடுக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். தர்மநியாயம் பேசறதுக்காக சொல்லல. நீங்க குடுத்தீங்கன்னா உங்க வீட்டுல காசு புரளும்னு அவங்களுக்கு தெரிஞ்சு போச்சு, அடுத்த தீபாவளிக்கு முந்தின வாரம் மிச்ச ஆடும் போகும். உங்க கேஸும் செத்துரும், ஏன்னா ஆடு வந்ததும் ஸ்டேஷன்ல "திரும்பக் கிடைத்துவிட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை"ன்னு எழுதி வாங்கிருவாங்க.

இதுல நீங்க கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. டீக்கடைக்கு வந்த அந்த ஆளுதான் உங்க கேஸ்லயே கிடைச்சிருக்கற ஒரே துப்பு. ஆடு எங்க இருக்குன்னு அவருக்கு தெரியும், இல்ல தெரிஞ்சவனை தெரியும். ஆனா ஊரே சேந்து அந்த ஆளை விட்டுட்டு வாத்து மேய்க்கிற பையனை கட்டி அடிச்சிருக்கு. ஏன்னா அவரு பக்கத்து ஊருக்காரர், சொந்தபந்தம் இருக்கு, நாளைக்கு கல்யாணத்துல முழிக்கணும். பையனுக்கு கேக்க நாதி கிடையாது. இதை உங்க கொழுந்தன் காதுல விழற மாதிரி சொல்லுங்க.

அந்த ஆளு வந்த தேதி, நேரம், எந்த டீக்கடை, கூட யாரு இருந்தாங்க, என்ன வார்த்தை சொன்னாருன்னு மாமனாரை சொல்ல சொல்லி இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. போன்ல கூப்பிட்டா கால் ரெக்கார்டு ஆன் பண்ணுங்க, அழிச்சிராதீங்க, நம்பரை குறிச்சுக்கோங்க. முடியாதுன்னு பட்டுனு சொல்ல வேணாம், "வீட்டுக்காரர் திருப்பூர்ல இருந்து வரணும்"னு இழுங்க. இந்த விவரத்தையும் எஸ்பிக்கு போற மனுவுல சேருங்க. லோக்கல் ஸ்டேஷன்ல அவருக்கு ஆள் இருக்கலாம்னு தோணுச்சுன்னா லோக்கல்ல வாயைத் திறக்காம நேரா எஸ்பி மனுவுல மட்டும் எழுதுங்க.

ஆடு பெரும்பாலும் போயிருக்கும்மா, ஒரு மாசம் ஆச்சு. இதுக்கு மேல ஆறுதல் சொன்னா அது பொய். திருட்டு ஆட்டை யாரும் வச்சு வளக்கறது இல்ல, ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்கு முன்னாடி கைமாறிரும், இல்ல விடியக்கருக்கல்ல சந்தைக்கு போயிரும். சினை ஆட்டை மட்டும் சில பேரு வளப்புக்கு விப்பாங்க, அந்த மூணுக்குத்தான் இன்னமும் வாய்ப்பு இருக்கு. வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தை, சனிக்கிழமை எட்டயபுரம், செவ்வாக்கிழமை மேலப்பாளையம், இந்த மூணுக்கும் மாமியாரும் இன்னொரு ஆளும் போயி பாக்கலாம். பாத்தா ஆட்டு மேல கைய வைக்காதீங்க, சத்தம் போடாதீங்க, தள்ளி நின்னு போட்டோ எடுத்துட்டு 112க்கு அடிங்க. கறிக்கடைக்காரர் தெரிஞ்சே வாங்கினாருன்னா அவர் மேலயும் பிஎன்எஸ் 317 வரும். ஆடு கிடைச்சா ஸ்டேஷன்ல கட்டி வச்சு யாரு தீனி போடறது, அவங்களுக்கும் அது தொல்லைதான், அதனால மாஜிஸ்ட்ரேட்கிட்ட பிஎன்எஸ்எஸ் 497ல மனு போட்டு பாண்டு எழுதிக் குடுத்து நீங்களே கூட்டிட்டு வந்து வளக்கலாம், கேஸ் முடியறதுக்குள்ள கோர்ட்டு அனுமதி இல்லாம விக்க மட்டும் கூடாது. நம்ம கோர்ட்டு வேகத்துக்கு அந்த சினை ஆடு பாட்டியே ஆயிடும், அது வேற விஷயம்.

மூணாவது விஷயத்துக்கு வரேன், இதுக்குத்தான் நான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்ததே.

பொதுமக்கள் திருடனை பிடிக்கலாமான்னா பிடிக்கலாம், பிஎன்எஸ்எஸ் 40. ஆனா கண்ணு முன்னாடி குற்றம் நடந்திருக்கணும், பிடிச்சா எவ்வளவு லேட்டானாலும் ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும். அந்தப் பையன் ஆடு ஓட்டினதை யாரும் பாக்கல. சந்தேகம்னு பிடிச்சிருக்காங்க, கட்டியிருக்காங்க, அடிச்சிருக்காங்க, ஸ்டேஷனுக்கு சொல்லவும் இல்ல. அடைச்சு வச்சதுக்கு பிஎன்எஸ் 127, அடிச்சதுக்கு 115, எலும்பு கிலும்பு முறிஞ்சிருந்தா 117. அஞ்சு பேரு அல்லது அதுக்கு மேல சேந்து, சாதி, பொறந்த ஊரு, பாஷை மாதிரி காரணத்துக்காக ஒருத்தரை கொடுங்காயம் பண்ணினா அந்த 117லயே தனி உட்பிரிவு, ஏழு வருஷம் வரைக்கும். செத்துப்போயிருந்தா 103(2), ஆயுளோ தூக்கோதான், கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும். அந்தக் குடும்பம் எந்த சமூகம்னு நீங்க எழுதல. வாத்து மேய்க்க வர்றவங்கள்ல இருளர் நிறைய, அதுலயும் முதலாளிகிட்ட முன்பணம் வாங்கிட்டு கொத்தடிமையா மேய்க்கிறவங்க உண்டு. பட்டியல் சாதி, பழங்குடின்னா, அடிச்சவங்க அதுல சேராதவங்கன்னா, வன்கொடுமை தடுப்பு சட்டமும் வரும், முன்ஜாமீனுக்கு அதுல தடை இருக்கு. பையனுக்கு 18 ஆகலைன்னா அது இன்னும் சிக்கல். இவ்வளவையும் நிரூபிக்க சாட்சி தேட வேண்டியதே இல்ல, உங்க ஊரு பசங்களே எடுத்து குரூப்ல போட்டு வச்சிருக்காங்க.

கொழுந்தனுக்கு சொல்ல வேண்டியது இதுதான்: அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பக்கூடாது. அதே சமயம், அழிச்சிட்டா தப்பிச்சோம்னு போனை உடைக்கறது, மத்தவங்களை அழிக்க சொல்றது, அதெல்லாம் தடயத்தை அழிச்சதா இன்னொரு கேஸா வந்து நிக்கும். அவரு தனியா ஒரு வக்கீலைப் பாக்கட்டும், நான் வேணாம், உங்க வக்கீலும் வேணாம், ஏன்னா இந்த விஷயத்துல அவரோட நலனும் உங்க நலனும் ஒண்ணு இல்ல. இதை மறைச்சா உங்க ஆட்டுக் கேஸ்ல போலீஸ் எப்ப வேணா அதை உருவி மிரட்டும். அந்தப் பையனோட வைத்தியத்துக்கு, விட்டுட்டுப் போன வாத்துக்கு, ஊரு என்ன செய்யப்போகுதுன்னு பெரியவங்களை உக்கார வச்சு கேளுங்க. அவங்களை தேடிப்போயி கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்ல, வாத்து முதலாளி நம்பர் உங்க ஊருல யார்கிட்டயாவது கண்டிப்பா இருக்கும், வயலுக்காரங்க அவருகிட்ட பேசித்தானே உள்ள விட்டிருப்பாங்க. ஆனா காசைக் குடுத்து கேஸ் குடுக்காதேன்னு எழுதி வாங்கற வேலை மட்டும் வேணாம், கேஸ் குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்.

நம்ம பக்கத்து ஊருங்க இதை மறந்துட்டதுதான் எனக்கு தாங்க முடியல. குற்றப்பரம்பரைச் சட்டம்னு 1871ல கொண்டாந்து, 1911ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் நீட்டி, ஒரு சாதியில பொறந்தாலே திருடன்னு ரேகை வச்சானுங்க, ராத்திரி ஸ்டேஷன்ல போயி படுக்க வச்சானுங்க. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர்ல 16 பேரு சுடப்பட்டு செத்தாங்க, திருமங்கலத்துல இருந்து அது எவ்வளவு தூரம்? மெட்ராஸ் மாகாணத்துல 1947லதான் அந்த சட்டம் போச்சு. வருஷாவருஷம் அங்க நினைவுநாள்ல மாலை போடறோம், ஃபிளெக்ஸ் வைக்கிறோம். அதே மண்ணுல, டென்ட் போட்டு பொழைக்கிறவன்னா திருடன்தான்னு ஒரு பையனை வேப்பமரத்துல கட்டறோம். அன்னைக்கு வெள்ளைக்காரன் பேப்பர்ல எழுதி செஞ்சதை நாம வாட்ஸ்அப்ல செய்யறோம், அவ்வளவுதானே வித்தியாசம்?

மாமனார் விஷயம். அருவாளோட உக்காந்திருக்கறது நிக்கணும்மா. 2021 நவம்பர் 21 விடியக்காலம், திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு எஸ்ஐ பூமிநாதன் ஆடு திருடி பைக்ல போனவங்களை விரட்டிட்டு போனாரு, மாவட்ட எல்லை தாண்டி கீரனூர் பக்கம் வரைக்கும். அங்க அவரை வெட்டிக் கொன்னுட்டாங்க. கைதானவங்கள்ல சிறுவர்களும் இருந்தாங்க. யூனிஃபார்ம் போட்ட, பயிற்சி எடுத்த மனுஷனுக்கே அந்த நிலைமை. உங்க மாமனாருக்கு ராத்திரி கண்ணு எவ்வளவு தெரியும்? திருடன் வந்தா அவரு வெட்டுப்படலாம், இல்ல இருட்டுல சத்தம் கேட்டு குடிச்சிட்டு வர்ற சொந்தக்காரன் எவனையாவது வெட்டிட்டு கொலைக் கேஸ்ல போகலாம், ரெண்டும் நம்ம கோர்ட்டுல பாத்த கதைதான். அதோட அவருக்கு பயம் மட்டும் இல்ல, தன்னால காப்பாத்த முடியலையேங்கற அவமானம் இருக்கு, தூங்காம இருந்து அதை அடைக்கப் பாக்கறாரு. ஆடு போனதுல அவருக்கு தப்பு எதுவும் இல்லைன்னு வீட்டுல யாராவது அவருகிட்ட வாய்விட்டு சொன்னீங்களா? சொல்லுங்க. தூக்கம் இன்னும் ரெண்டு வாரத்துல சரியாகலைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க, பிரஷரையும் பாத்திருவாங்க.

காவலுக்கு பதிலா என்ன பண்ணலாம்னா, மிச்ச ஆட்டை வீட்டுச் சுவரோட ஒட்டின இடத்துக்கு மாத்துங்க, நாதாங்கி வெளிப்பக்கம் ஸ்குரூ தெரியற மாதிரி இருக்கக்கூடாது, உள்ள போல்ட் போட்டு முடுக்கியிருக்கணும், 200 ரூபா வேலை. கதவுல தகர டப்பாவோ மணியோ கட்டுங்க. ஊரு ரோடு மெயின் ரோட்டுல சேர்ற முக்குல ஒரு லைட்டும் கேமராவும் போட்டா வீட்டுக்கு வீடு கேமரா வைக்கறதை விட பிரயோஜனம், ஆட்டை ஓட்டிட்டு எப்படியும் அந்த வழியாதான் வண்டி போயாகணும், ஊராட்சியில தீர்மானம் போட்டுக் கேளுங்க. ரோந்து போறதுன்னா பசங்க தனியா போகக்கூடாது, ஸ்டேஷன்ல உங்க ஊருக்குன்னு ஒரு போலீஸ்காரரை பொறுப்பா போட்டிருந்தா அவரு நம்பரோட, அவருக்கு தெரிஞ்சு போகணும், கையில கம்பு கட்டை எதுவும் வேணாம், டார்ச்சும் விசிலும் போதும். சந்தேகமா வண்டி நின்னா நம்பரை குறிச்சுட்டு போன் அடிக்கிறதோட அவங்க வேலை முடிஞ்சுது.

கடைசியா, மக. நீங்க அதை கடிதத்துல கடைசி வரியில எழுதியிருக்கீங்க, ஆனா எனக்கு அதுதான் அவசரம்னு படுது. திருடன் ஆட்டுக்கு வந்தான், உங்க பிள்ளைக்கு வரல. பயத்துல மொத மொத வீட்டுக்குள்ள அடைபடறது எப்பவும் பொம்பளைப் பிள்ளைங்கதான், ஆடு திரும்பி வந்தாலும் அந்தக் கதவு அவ்வளவு சுலபமா திறக்காது. இப்ப டியூஷன், அடுத்து ஒம்பதாவதுக்கு பஸ்ல போற ஸ்கூலு. அந்தத் தெருவுல அதே டியூஷனுக்கு போற பிள்ளைங்க எத்தனை இருக்குன்னு பாருங்க, நாலு பேரு சேந்து போகட்டும், ஒரு வாரத்துக்கு ஒரு வீட்டுல இருந்து ஒரு ஆளு முக்கு வரைக்கும் கூட்டிட்டுப் போயி விடுங்க, டீச்சர்கிட்ட பேசி அரை மணி நேரம் விடிஞ்சப்புறம் ஆரம்பிக்க முடியுமான்னு கேளுங்க. மொத வாரம் மாமனாரையே அனுப்புங்க, அருவாள் இல்லாம. திங்கக்கிழமைல இருந்து அனுப்புங்க.